கொலுப் பெட்டியில் முப்பது முட்டை

டீச்சர்,

இன்று காலை உமிப் பானைக்குள் கை விட்டபோதே தெரிந்துவிட்டது. ஏழெட்டு முட்டைக்கு அடியில் ஒன்று, எடுத்தால் கனமே இல்லை. காதருகில் வைத்து ஆட்டினேன். உள்ளே களக் களக் என்றது. கூழ்முட்டை. எடுத்து வைத்த அன்றே மெல்லிய விரிசல் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. கொல்லையில் புதைத்துவிடலாம் என்று படி இறங்குவதற்குள் உள்ளங்கையிலேயே உடைந்துவிட்டது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுத இதைவிடப் பொருத்தமான கை எனக்கு வாய்க்காது.

நீங்கள் போய் இருபத்தாறு நாள் ஆகிறது. நம் பள்ளி ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. ஆளுக்கொரு கும்பிட்ட கை போட்டார்கள். "அதிர்ந்து பேச மாட்டார்" என்று ஒருவர், "யார் மனமும் நோக நடந்ததில்லை" என்று இன்னொருவர். நானும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அழுகை நாலு நாள் கழித்து வந்தது. அதுவும் டவுன் பஸ்ஸில், நின்றுகொண்டு, ரங்கசாமி குளம் நிறுத்தத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

இருபத்தோரு வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் அறிவியல், நான் தமிழ். நீங்கள் என்னை எஸ்தர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நான் உங்களை டீச்சர் என்றேன். நானும் டீச்சர்தான் என்பது இருவருக்குமே அவ்வளவாக உறைத்ததில்லை. உங்களுக்குப் பதினோரு வயது கூடுதல், அதனால்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

முதல் முட்டை நினைவிருக்கிறதா? ஆபரேஷன் முடிந்து நீங்கள் பள்ளிக்குத் திரும்பிய மாதம். நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ரத்தம் இல்லை, சத்து இல்லை, தினம் ஒரு முட்டையாவது சாப்பிட்டாக வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். நீங்கள் அதை என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே, தாலியை அடகு வைக்கச் சொன்னார்கள் என்பதுபோல.

"எங்காத்துல முட்டைங்கற வார்த்தையையே சொல்ல முடியாது எஸ்தர். மாமியாருக்குத் தெரிஞ்சா அவா பட்டினி கிடந்தே பிராணனை விட்டுடுவா."

"வீட்ல எதுக்கு சாப்பிடணும்? இங்க சாப்பிடுங்க. எங்க வீட்ல நாலு கோழி இருக்குது டீச்சர்" என்றேன் நான்.

மறுநாள் அறிவியல் ஆய்வகத்தை உள்பக்கம் தாழ்போட்டு, பீக்கரில் தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் வேகவைத்தோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் கடி கடித்தீர்கள். அப்புறம் கண்ணைத் திறந்து, "இதுக்கா இவ்வளவு பயந்தேன், உப்பு இருக்கா?" என்று கேட்டீர்கள். ஆய்வகத்தில் இருந்த உப்பைத் தரலாமா கூடாதா என்று நாம் இருவரும் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தோமே. நான் அவ்வளவு சிரித்தது அந்தப் பள்ளியில் அன்று ஒரு நாள்தான். அன்றே என் கையை உங்கள் கையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். யாரிடமும், எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது. நான் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறவள், உங்களுக்குக் கைமேல் கை வைத்தாலே போதும் என்று நினைத்துச் செய்துகொடுத்தேன்.

அதற்குப் பிறகு நானே அவித்து, உரித்து, டிபன் டப்பாவில் கொண்டுவருவேன். ஓடு என் வீட்டிலேயே தங்கிவிடும். மதியம் இரண்டாம் மணி அடித்ததும் நீங்கள் ஆய்வகத்துக்குப் போவீர்கள், நான் டப்பாவோடு பின்னால் வருவேன். மாதத்துக்கு இருபத்திரண்டு முட்டை வேண்டும். நாட்டுக்கோழி ஒன்றும் தறிக்குழியில் உட்கார்ந்து நாள் தவறாமல் நெய்கிறவனைப்போல முட்டையிடாது. பன்னிரண்டோ பதினைந்தோ இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். சில மாதம் நாலும் சேர்ந்து அடை கிடக்கும். ஆகவே இடுகிற காலத்தில் சேர்த்து வைத்தால்தான் இடாத காலத்தில் உங்கள் டப்பாவில் முட்டை இருக்கும். என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில்லை.

எப்படி வைக்கிறாய் என்று கேட்டீர்கள். அரிசி மில்லிலிருந்து வாங்கிவந்த உமியைக் காயவைத்துப் பானையில் முக்கால் பாகம் நிரப்புவேன். முட்டையின் கூர்முனை கீழே இருக்க வேண்டும். ஒன்றோடொன்று முட்டக் கூடாது. பானையை அடுக்களை மூலையில் ஈர மணல்மேல் வைத்து, மெல்லிய துணியால் வாய் கட்ட வேண்டும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, அந்த முட்டையை முதலில் சமைத்துத் தீர்க்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் காட்டக் கூடாது. கோழி இடும்போதே முட்டைக்கு மேல் ஒரு பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்விடும், போனால் அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டினீர்கள். "ஆமாம், ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துவாரம் ஆயிரக்கணக்கில் இருக்கு. ஏழாம் கிளாஸ் பாடம்" என்றீர்கள். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. என் அடுக்களையில் இருப்பது உங்கள் பாடப் புத்தகத்திலும் இருக்கிறதே என்று.

உங்களிடம் எனக்குப் பிரியம் இருந்தது, டீச்சர். இல்லையென்று சொன்னால் இந்த மடலுக்கே அவசியமில்லை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் என் மேசையில் குவிந்திருக்கும்போது, "முட்டையும் பேப்பரும் ஒண்ணு எஸ்தர், நாள் கடத்தினா நாறிடும்" என்று சொல்லிப் பாதிக் கட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கூட்டல் சரிபார்த்துத் தருவீர்கள். என் அம்மா இறந்தபோது பதினைந்து நாள் என் வகுப்பையெல்லாம் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். துக்கம் கேட்கவும் வந்தீர்கள். எங்கள் தெருமுனை வரை. அங்கே மின்கம்பத்தடியில் நின்றுகொண்டு, போகிற பிள்ளையிடம் என்னைக் கூப்பிட்டு வரச் சொன்னீர்கள். ஈரத்தலையோடு ஓடிவந்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அன்று எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. அம்மா கிடந்த வீடு அங்கிருந்து முப்பது அடிதான் இருக்கும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் மனதில் தட்டியது.

அப்புறம் அந்தக் கோடை விடுமுறை. பள்ளி மூடினால் ஆய்வகம் இல்லை, டப்பா இல்லை. ஒரு மாதம் விட்டுவிட்டால் மறுபடி தலை சுற்றும் என்று பயந்தீர்கள். நீங்களே ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். மாடியில் நீங்கள் டியூஷன் எடுக்கிற அறையில் வெந்நீர் வைக்கிற கெட்டில் இருந்தது, அதில் அவித்துக்கொள்ளலாம். முட்டைகளை வைக்க அந்த அறைப் பரண்மேல் கொலுப் பொம்மைப் பெட்டி. பொம்மைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்திருக்கும், முட்டை உடையாது. புரட்டாசி வரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

"முப்பது முட்டை குடுங்கோ. ஆனா ஒண்ணு. நன்னாக் கழுவிக் குடுங்கோ."

"கழுவக் கூடாது டீச்சர். அதுவும் இந்த வெயில்ல. பத்து நாள் தாங்காது."

"இல்லை எஸ்தர். தசாவதாரம் செட் இருக்கற பெட்டி. பெருமாள் பக்கத்துல கோழி எச்சத்தோட வெக்க முடியுமா? மனசு கேக்காது."

முட்டையைப் பெருமாள் பக்கத்தில் வைக்க மனசு கேட்டது. எச்சத்தோடு வைக்கத்தான் கேட்கவில்லை. ஓட்டில் ஆயிரக்கணக்கில் துவாரம் இருக்கிறது என்று ஏழாம் வகுப்புக்கு நடத்துகிறவர் நீங்கள். அந்தப் பாடமெல்லாம் பரண் ஏணிக்குக் கீழேயே நின்றுவிட்டது.

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். வாரம் பத்தாக, கழுவாமல், துடைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டில் எவ்வளவு பதமாக வைத்திருந்த முட்டைகள் அவை. அழுக்கு அழுக்கு என்றால் சரி, கழுவித் தருகிறேன் என்று, வாளியில் தண்ணீர் பிடித்து, துணி சோப்பும் தேங்காய் நாரும் போட்டு, முப்பதையும் பளிங்குபோலத் தேய்த்தேன். கெடும் என்று தெரிந்தே தேய்த்தேன். கெட்டால் அப்போது புரியும் உங்களுக்கு என்று நினைத்துக்கொண்டு தேய்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துணிக்கடைப் பையில் வைத்து உங்களிடம் கொடுத்தபோது, "இப்பதான் பார்க்கவே நன்னா இருக்கு" என்றீர்கள்.

உங்களுக்குப் புரிவதற்குப் பதில் செல்வியின் தலையில் விடிந்தது.

செல்வி என் சித்தி மகள். உங்கள் வீட்டுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டதால் நானே கொண்டுவந்து விட்டவள். ஆறு வருஷமாகப் பக்கத்துச் சந்து வழியாக வந்து, பின்கட்டில் பாத்திரம் துலக்கி, முற்றம் தெளித்து, மாடியைப் பெருக்கிவிட்டு, அதே சந்து வழியாகத் திரும்புகிறவள். ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை என்று உங்கள் மாமியாரே அக்கம்பக்கத்தில் சொல்வாராம்.

இருபதாம் நாளோ என்னவோ, மாடியில் நாற்றம் எடுத்தது. பத்துப் பன்னிரண்டு முட்டை சாப்பிட்டபின் ஒன்று கெட்டிருக்க, உங்களுக்குக் குமட்டி, மிச்சத்தைத் தொடவே அருவருத்து அப்படியே விட்டுவிட்டீர்கள். அதை அப்புறப்படுத்தவும் உங்களுக்குத் தைரியம் இல்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று வீட்டில் எல்லோரும் தேடினார்கள். செத்த எலியை எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? செல்வியைத்தான். லீவுக்கு வந்திருந்த உங்கள் மகன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள்தான் பரணில் ஏறி, பெட்டியைத் திறந்து, அதை அப்படியே இறக்கி முற்றத்தில் வைத்தாள். கூர்மத்துக்கும் வராகத்துக்கும் நடுவே வெடித்த முட்டைகள். வைக்கோலெல்லாம் பச்சையும் கறுப்புமாக ஊறிப்போயிருந்ததாம்.

"ஏண்டி, நீதானே மாடியைப் பெருக்கறே? உங்க தெருவுலதானே கோழி வளர்க்கறேள்?" என்று உங்கள் மாமியார் கேட்டார்.

"நான் இல்லீங்கம்மா. சத்தியமா எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றாள் செல்வி.

நீங்கள் நடுக்கட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள், செல்வி சொன்னாள். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள், மாடி அறை உங்களுடையது என்பதால். அப்போது நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"போறது, விட்டுடுங்கோ அம்மா. பாவம், தெரியாம பண்ணிட்டா."

இருபத்தோரு வருஷத்தில் நீங்கள் சொன்னதெல்லாம் ஒரு தட்டிலும் இந்த ஒரு வாக்கியம் இன்னொரு தட்டிலும் வைத்தால் எது தாழும் என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தால்கூடச் செல்வி எதிர்த்துப் பேசியிருப்பாள். வாய் உள்ளவள் அவள். நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். மன்னித்த கணத்திலேயே அவள் செய்தவள் ஆகிவிட்டாள். அப்புறம் அவள் இல்லையென்று சொன்னதெல்லாம் நன்றிகெட்ட பேச்சாகத்தான் அங்கே கேட்டது. பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கழுவி வெயிலில் வைத்தபின் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கழுவியவளும் அவள்தான்.

அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எவ வெச்சாளோ தெரியலக்கா. அந்த வீட்டு மாடிக்கு நான் இன்னாத்துக்கு முட்டை எடுத்துக்கினு போறேன்? நீயாவது நம்புறியாக்கா?"

"நம்புறேன்டி" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் மூலையில் அந்தப் பானை இருந்தது. கை மேல் கை வைத்துச் செய்த சத்தியம், சத்தியம் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். சத்தியம் ஒரு சாக்கு. சொன்னால் உங்களை இழந்துவிடுவேனே என்பதுதான் உண்மை. அந்த ஆசிரியர் அறையில் எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருவர்.

உங்கள் தெருவில் வேறெந்த வீட்டிலும் செல்வியைச் சேர்க்கவில்லை. பக்கத்துத் தெருவிலும் இல்லை. முட்டை செல்வி என்று பெயரே ஆகிவிட்டது, எங்கள் தெருப் பிள்ளைகள் வரைக்கும். ஒரு வருஷம் வீட்டிலேயே கிடந்தாள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறி, கேன்டீனில் தட்டுக் கழுவப் போனாள். இன்று அங்கே நாற்பது பேருக்கு மேஸ்திரி. அதனால் நடந்தது சரியாகிவிட்டது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாமான் அறைப் பக்கம் அவள் தலைகாட்ட மாட்டாள். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

பள்ளி திறந்ததும் ஆய்வகத்தில் உங்களைக் கேட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர். டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுங்க. கொலையா பண்ணிட்டீங்க?"

"என்னால முடியாது எஸ்தர். எனக்கு அந்த ஆத்துலதான் இருந்தாகணும். அவளுக்கு வேற வீடு கிடைக்கும்." பிறகு, "கழுவிக் குடுத்ததாலதானே கெட்டுது? நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றீர்கள்.

அது உண்மை என்பதால்தான் எனக்கு அப்படிச் சுட்டது.

மணி அடித்தது. நீங்கள் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தீர்கள். அதில் முட்டை இருந்தது. அன்றும் கொண்டுவந்திருந்தேன், டீச்சர். காலையில் கோபத்தோடுதான் அவித்தேன், கோபத்தோடுதான் உரித்தேன், ஆனாலும் உப்பும் மிளகும் மடித்து வைத்தேன். நீங்கள் வாங்கிச் சாப்பிட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஓய்வு பெறும்வரை, இன்னும் நாலு வருஷம், நாம் இதைத்தான் செய்தோம். ஒரு நாள்கூட நம் இருவரில் யாரும் செல்வி பெயரை எடுக்கவில்லை. நான் வெட்கப்பட வேண்டிய முட்டைகள் அந்த முப்பது மட்டுமல்ல.

உங்கள் மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அதன்பிறகு நீங்கள் யாருக்குப் பயந்தீர்கள்? தினமும் எதிர்பார்த்தேன். ஒரு போன் வரும், "எஸ்தர், செல்வியைக் கூட்டிண்டு வாங்கோ" என்பீர்கள் என்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் வந்தது. முட்டி வலி பற்றிப் பேசினீர்கள்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்து செல்வி வீட்டுக்கு வந்தாள். உங்கள் செய்தி அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"அந்த டீச்சரம்மா போயிட்டாங்களாமேக்கா. மனசே கேக்கல. எவ்ளோ நல்லவங்க. அன்னிக்கு அத்தினி பேரு நின்னுக்கினு இருந்தாங்க, எனக்காக வாயத் தொறந்தது அவங்க ஒருத்தங்கதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் வாங்கிய சத்தியத்தை உடைத்தேன். பீக்கர் முதல் கொலுப் பெட்டி வரை, நான் சோப்புப் போட்டுத் தேய்த்ததையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் ரொம்ப நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத இன்னாத்துக்குக்கா எங்கிட்ட சொல்ற? நான் வெக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."

அதனால் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் முறையாக வாசல் வழியாக. செல்விதான் ஸ்கூட்டரில் கூட்டிவந்தாள். அவள் உள்ளே வரவில்லை, தெருக்கோடியில் நிறுத்திக்கொண்டாள். உங்கள் மகன் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். சுவரில் மாலை போட்ட உங்கள் படம். அதைப் பார்க்காமல் சொன்னேன். உங்கள் உடம்புக்காக, டாக்டர் சொல்லி, நீங்கள் முட்டை சாப்பிட்டீர்கள். நான்தான் கொடுத்தேன். பெட்டியில் வைத்தது செல்வி அல்ல.

அவர் குறுக்கே பேசவில்லை. முடித்தபின் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், எங்கம்மா சனிக்கிழமை வெங்காயம்கூடத் தொட மாட்டா. அந்த செல்வி உங்களுக்கு என்ன வேணும்?"

"சித்தி பொண்ணு."

"அதான்" என்றார்.

மாடியில் கெட்டில் இருந்ததே என்றேன். அது வெந்நீருக்கு என்றார். டாக்டரைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா இப்போது இல்லை என்றார். கோபமே இல்லை அவர் குரலில். உங்கள் குரல்தான் அது, அப்படியே.

"நீங்க உங்காளுக்காகப் பேசறேள், தப்பா நினைக்கலை. ஆனா அம்மா கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணுக்காக வருத்தப்பட்டா, தெரியுமோ? ஆஸ்பத்திரியில கூட ஒரு நாள் சொன்னா. 'அந்த செல்வி பாவம்டா, தெரியாம பண்ணிட்டா'ன்னு."

டீச்சர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூடவா? உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. சாகிற நாள்வரை உறுத்தியிருக்கிறது. உறுத்தியும் அந்தப் பொய்யை அப்படியே மகன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இனி அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் போகும், அம்மாவின் இரக்க குணத்துக்கு ஒரு உதாரணமாக. நீங்கள் உயிரோடிருந்தபோது ஒரு நாளும் உங்களிடம் குரலை உயர்த்தியதில்லை நான். அன்று அந்தப் படத்தைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

தெருக்கோடியில் செல்வி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னியா?"

"சொன்னேன். நம்பல."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பாள் போல. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனபின், திரும்பாமலே சொன்னாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்கக்கா. அன்னிக்கு அந்தம்மா எதிர்லதான நின்னுக்கினு இருந்தாங்க. மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுருக்கும்."

அவ்வளவுதான். எங்கள் தெருவில் இறங்கும்போது அவள் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை, நின்று வாங்கிக்கொள்ளவும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

உங்கள்மேல் எனக்குள்ள கோபம் குறைந்துவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. குறையவில்லை. ஆனால் உங்களைக் கோபிக்கக் கோபிக்க, முடிவில் அந்தச் சாயங்காலத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். என் வாசல்படியில் ஒருத்தி உட்கார்ந்து, நீயாவது நம்புறியா என்று கேட்டபோது, நம்புறேன் என்று சொல்லிக் காபி கொடுத்தேனே, அங்கே. அன்று நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். உங்கள் வீடு பஸ்ஸில் நாலு நிறுத்தம். எனக்குக் காலும் இருந்தது, வாயும் இருந்தது. உங்கள் பங்கை உங்களோடு எரித்துவிட்டார்கள், டீச்சர். என் பங்கு என்னிடம் இருக்கிறது.

எஸ்தர்